தூண்டில் கற்ற நாள்

காவிரிக் கரையில் பிறந்து வளர்ந்தவருக்குத் தூண்டில் போடக் கற்றுத்தர ஓர் ஆசான் வேண்டுமோ என்று எவரேனும் கேட்டிருந்தால், சென்ற தீபாவளி விடுமுறை வரையில் நாம் நகைத்திருப்போம். குளித்தலையை அடுத்த சிற்றூர் ஒன்றில் நாம் சிறுவராய் இருந்த காலத்தில், மூங்கிற்கோல் ஒன்று, நரம்பு நான்கு முழம், மயிலிறகின் தண்டில் செய்த தக்கை, கொட்டாங்கச்சி நிறைய மண்புழு ஆகிய இவையே நம் செல்வம். கெண்டையும் கெளுத்தியும் ஆரலும் நமக்கு அறிமுகமானது அங்கேதான். அந்தச் செருக்கு அறுபது ஆண்டு கடந்தும் அடங்கவில்லை. பன்னிரண்டு வயதுப் பேரன் மீன் பிடிக்க ஆசை தெரிவித்தபோது, அது தாத்தாவின் பொறுப்பு என்று மார்தட்டிக்கொண்டோம்.

ஆசைக்கு வித்திட்டவள் அமெரிக்காவில் வாழும் நம் மகள். அங்கே ஏரிகளில் ‘பாஸ்’ என்றொரு நன்னீர் மீன் உண்டாம். அதைப் பிடிக்கப் புதிதாய்க் கற்பவர்கள் வழிகாட்டி ஒருவரை ஒரு நாளைக்கு அமர்த்திக்கொண்டு, அவருடைய படகில் ஏறிச் சென்று, காலைமுதல் மாலைவரை பாடம் கேட்பார்களாம். அவள் அனுப்பிய படங்களைக் கண்ட பேரன், தனக்கும் அப்படியொரு நாள் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். நம் மகனோ காலத்திற்கேற்ற பிள்ளை. தந்தையின் மூங்கிற்கோல் புலமையை நம்பாமல், பான்சேத்து அணையருகே வாழும் மராத்திய இளைஞர் ஒருவரை வழிகாட்டியாக ஏற்பாடு செய்தான். ஏரியில் மீன்பிடி உரிமை பெற்றவர்களிடம் அனுமதி பெறும் வேலையையும் அவ்விளைஞரே பார்த்துக்கொண்டார்.

ஐப்பசி மாதத்துக் குளிர் விடியலில், ராஸ்தா பேட்டையிலிருந்து நாமும் பேரனும் புறப்பட்டோம். சுவர்கேட்டைக் கடந்து, சிங்ககட் சாலையில் திரும்பி, கடக்வாசலா ஏரியின் ஓரமாக வண்டி சென்றது. இடப்புறம் சிங்ககட் கோட்டை மூடுபனியில் தலை மட்டும் காட்டி நின்றது. புனே மாநகருக்குக் குடிநீர் தருவன கடக்வாசலா, பான்சேத்து, வரஸ்காவ், தேம்கர் என்னும் நான்கு அணைகள். 1961ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள் பான்சேத்து அணை உடைந்து, அந்த வெள்ளத்தில் கடக்வாசலா அணையும் தகர்ந்து, முத்தா நதிக்கரைப் பேட்டைகள் நீரில் மூழ்கிய கதையை இவ்வூர் முதியோர் இன்றும் நேற்று நிகழ்ந்தது போலச் சொல்வர்.

நாம் இராணுவக் கணக்குத் துறையில் எழுத்தராக இவ்வூருக்கு வந்தது 1974இல். ஐம்பது ஆண்டுகளாகக் குடித்தும் குளித்தும் வந்த நீர் இங்கிருந்து வருகிறது என்பதைப் பத்திரிகையில் படித்திருக்கிறோமே தவிர, ஒரு நாளும் வந்து பார்த்தோமில்லை. கோடை விடுமுறை வந்தால் ரயிலேறிக் காவிரியைப் பார்க்க ஓடினோம். இங்கே மேற்கே நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் வர நமக்கு நேரம் கிடைத்ததில்லை. இந்த எண்ணம் அன்று முதன்முதலாக நெஞ்சில் உறுத்தியது.

வழிகாட்டிக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். எம்மைக் கண்டதும் “வாருங்கள் ஆஜோபா” என்றார். மராத்தியில் தாத்தாவை அழைக்கும் சொல் அது. பேரன் அவரைத் ‘தாதா’ என்று அழைத்தான். இங்கே தாதா என்றால் அண்ணன். தாதாவும் தாத்தாவுமாக அவன் மாறி மாறி அழைத்தபோது, யாரைக் கூப்பிடுகிறான் என்று தெரியாமல் நாங்கள் இருவரும் ஒருசேரத் திரும்பினோம். அந்தச் சிரிப்பில் பழக்கம் உண்டாயிற்று.

பாடம் கரையிலேயே தொடங்கியது. முதலில் மிதவை அங்கி. அதை அணியாமல் படகில் கால் வைக்கலாகாது என்றார். நீந்தத் தெரியும் என்று நாம் சொன்ன சொல் எடுபடவில்லை. அடுத்து முடிச்சு. நரம்பின் நுனியைத் தூண்டில் முள்ளின் கண்ணில் நுழைத்து, ஐந்து சுற்றுச் சுற்றி, திரும்பவும் அடி வளையத்தில் கோத்து, இழுப்பதற்கு முன் எச்சிலால் நனைத்துக்கொள்ள வேண்டும். நனைக்காமல் இழுத்தால் உராய்வின் சூட்டில் நரம்பு வலுவிழந்துவிடும். நாம் சிறுவயதில் போட்ட முடிச்சுகள் பெரிய மீன் கடிக்கும்போதெல்லாம் ஏன் அறுந்தன என்பது அறுபது ஆண்டு கழித்து விளங்கிற்று. பிறகு அவர் குறடு ஒன்றை எடுத்து, முள்ளின் உட்புறத்தில் எதிர்நோக்கி நிற்கும் சிறு கூரை நசுக்கிவிட்டார். அந்தக் கூர் இல்லையெனில் மீன் நழுவிவிடுமே என்றோம். “நழுவட்டும் ஆஜோபா. பிடித்ததை விடத்தானே வந்திருக்கிறோம்?” என்றார். இது நமக்குப் புதுமை. நம் ஊரில் தூண்டிலின் மறுமுனையில் எப்போதும் மண்சட்டி இருந்தது.

வீசும் கலை அடுத்தது. கோலைத் தலைக்குப் பின்னே கொண்டுபோய், முன்னே கொணரும்போது கைவலிமையை நம்பாமல் கோலின் வளைவை நம்ப வேண்டும். நரம்பை விரல் விடும் கணம் முந்தினால் இரை வானை நோக்கிப் போகும். பிந்தினால் காலடியில் விழும். பேரன் பத்தாவது வீச்சில் தேர்ந்துவிட்டான். நாமோ கரையோரக் கருவேல மரத்தை இருமுறை பிடித்தோம். ரீலில் ஒரு திருகு உண்டு. மீன் வேகமாய் ஓடும்போது நரம்பு அறாமல் தானே சிறிது சிறிதாக விட்டுக்கொடுக்கும்படி அதை அமைத்துக்கொள்ள வேண்டும். இழுத்துப் பிடிப்பதைவிட விட்டுக்கொடுப்பதுதான் இக்கலையில் கடினம் என்றார் அவர். வயதில் இளையவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய பாடங்கள் இன்னும் நமக்கு இருக்கின்றன போலும்.

படகில் ஏறியபின் நீரைப் படிக்கக் கற்றுத் தந்தார். ஏரி முழுவதும் மீன் இருப்பதில்லை. ஓடை வந்து கலக்கும் வாய், நீருக்குள் மூழ்கிய மரத்தடி, கரையிலிருந்து நீண்டு ஆழத்தில் இறங்கும் பாறை, நிழல் விழும் ஓரம் இவையே மீன் தங்கும் இடங்கள். அணை கட்டுமுன் ஆம்பி நதி ஓடிய பழைய தடம் இன்னும் நீரின் அடியில் இருக்கிறது. மீன்கள் அந்தத் தடத்தை மறப்பதில்லை என்றார்.

முதல் மீன் பேரனுக்கே கிடைத்தது. உள்ளங்கை அகலமிருந்த அதைக் கண்டதும் “சிலாபி!” என்று கூவினார் வழிகாட்டி. “ஜிலேபி!” என்று கூவினோம் நாம். ஒரே மீனுக்கு மராத்தியும் தமிழும் ஏறக்குறைய ஒரே பெயரை வைத்திருக்கின்றன! இரண்டும் திலாப்பியா என்ற அயற்பெயரின் சிதைவுகளே. ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இம்மீனை 1952இல் மண்டபத்திற்குக் கொண்டுவந்தார்கள். நாம் பிறந்த ஆண்டும் அதுவே. நம் இளமையில் குளந்தோறும் இருந்ததால் அது தமிழ்நாட்டு மீன் என்றே எண்ணியிருந்தோம்.

பிற்பகல் வரை வேறொன்றும் கடிக்கவில்லை. கொண்டுசென்ற புளியோதரையை மூவரும் பகிர்ந்துண்டோம். வழிகாட்டி தம் வீட்டு பாக்கரியும் மிளகாய்த் துவையலும் தந்தார். வெயில் சாயத் தொடங்கியபோது, ஓடை வாய் ஒன்றில் நம் தூண்டில் திடீரென இழுபட்டது. கெண்டையின் கொத்தலன்று அது. யாரோ கையைப் பற்றி ஆழத்துக்கு அழைப்பது போன்ற இழுப்பு. ரீல் அலறியது. நாம் பிடிவாதமாக இழுத்தோம். “விடுங்கள், விடுங்கள்” என்றார் வழிகாட்டி. நாம் விடவில்லை. அவர் குறுக்கே கை நீட்டித் திருகைத் தளர்த்தியிராவிட்டால் நரம்பு அறுந்திருக்கும். கால் மணி நேரத்திற்குப் பின் படகருகே வந்தது ஒன்றரை முழ நீளத்து மீன். பொன்னும் செம்பும் கலந்த பெரிய செதில்கள், தடித்த உதடுகள், நீலம் பாய்ந்த துடுப்புகள். “மஹசீர்” என்றார் அவர், குரலைத் தாழ்த்தி.

அடுத்து நாம் செய்தது எழுதுதற்கு நாணத் தக்கது. வெற்றியின் மயக்கத்தில் உலர்ந்த கையோடு மீனைத் தூக்கி, படம் எடுக்கச் சொன்னோம். ஒன்று போதாதென்று இன்னொன்று. பேரன் மட்டும், “தாத்தா, கையை நனைத்துக்கொள்ளச் சொன்னாரே!” என்றான். மீனின் உடல்மேல் வழுவழுப்பான மென்பூச்சு ஒன்று உண்டு. நோய் அண்டாமல் அதைக் காப்பது அதுவே. உலர்ந்த கை அதை வழித்துவிடும். காலையில் கேட்ட இப்பாடம் மாலையில் மறந்துவிட்டது. நீரில் விட்டபோது மீன் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது.

வழிகாட்டி நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. படகின் ஓரத்தில் குனிந்து, ஈரக்கைகளால் மீனை நிமிர்த்தி, ஓடைநீர் வரும் திசைக்கு அதன் முகத்தைத் திருப்பினார். பேரனையும் குனியச் செய்து, அதன் வயிற்றுக்கடியில் கை வைத்துத் தாங்கச் சொன்னார். “எண்ணிக்கொண்டே இரு. அது தானாகப் போகும்வரை கையை எடுக்காதே.” பேரன் மராத்தியில் எண்ணத் தொடங்கினான். மராத்தி எண்கள் நம் எண்களைப் போல ஒழுங்குடையவை அல்ல. ஒவ்வொன்றையும் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டும். முப்பதைத் தாண்டியதும் அவனுக்குத் தடுமாறிற்று. ஒரு கணம் நிறுத்தினான். பிறகு, பாட்டி மடியில் வைத்துச் சொல்லித் தந்த தமிழில் தொடர்ந்தான்: “முப்பத்தாறு, முப்பத்தேழு, முப்பத்தெட்டு...” நாங்கள் மூச்சடக்கி நின்றோம். ஐம்பத்து நான்கில் மீனின் செவுள் அகலத் திறந்தது. வால் ஒருமுறை அசைந்தது. அடுத்த கணம் அவன் கையில் நீர் மட்டுமே இருந்தது.

திரும்பி வரும் வழியில் நாம் அதிகம் பேசவில்லை. வழிகாட்டி விடைபெறும்போது சொன்னது ஒன்றுதான்: “இது எங்கள் ஊர் மீன் ஆஜோபா. புனேயின் மீன்.” அவர் சொல்லில் எவ்வளவு உண்மை உண்டு என்பதைப் பின்னர் நூல்களில் தேடி அறிந்தோம். பம்பாய் இராணுவத்தைச் சேர்ந்தவரும் தக்காணத்தின் புள்ளிவிவரங்களைத் தொகுத்தவருமான வில்லியம் ஹென்றி சைக்ஸ் என்பார், 1839இல் இம்மீனை முதன்முதலாக அறிவியல் உலகிற்கு அறிவித்தார். அவர் மீன் எடுத்தது புனேக்குக் கிழக்கே ஓடும் முளா-முத்தா நதியில். ‘டோர் குத்ரீ’ என்னும் அதன் அறிவியற் பெயரிலுள்ள பிற்பகுதி, இப்பகுதி மக்கள் வழங்கிய பெயரிலிருந்தே வந்தது. உலகெங்கும் உள்ள அறிஞர்கள் அம்மீனுக்குப் பிறப்புச் சான்றிதழ் தேடினால், அதில் எழுதியிருப்பது நம் பாலங்களின் கீழே ஓடும் நதியின் பெயர்தான்!

மழைக்காலத்தில் நீரோட்டத்தை எதிர்த்து ஏறிச் சென்று, தெளிந்த நீரோடும் கூழாங்கற் படுகையில் முட்டையிடுவது மஹசீரின் இயல்பு. அணைகள் வழியை மறித்தன. வெடி வைத்துப் பிடிப்போரும், நகரத்துக் கழிவும் எஞ்சியதை அழித்தனர். இந்நிலையில், லோணாவளாவின் வல்வண் ஏரிக்கரையில் டாட்டா மின்நிறுவனத்தார் 1970களில் இம்மீனைச் செயற்கை முறையில் கருவுறச் செய்து குஞ்சு பொரிக்கும் பணியை மேற்கொண்டனர். அரை நூற்றாண்டு உழைப்பில் இலட்சக்கணக்கான குஞ்சுகள் பற்பல நீர்நிலைகளில் விடப்பட்டன. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் ‘அழியும் நிலை’ என்றிருந்த நீலத்துடுப்பு மஹசீர், இப்போது ‘கவலை குறைந்த’ இனமாக மாற்றப்பட்டிருக்கிறது. போற்றத்தக்க பணி.

ஆனால் கதை இங்கே முடியவில்லை. மேலே படித்தபோது நம் கை நடுங்கிற்று. லோணாவளாக் குஞ்சுகள் சென்ற நீர்நிலைகளுள் காவிரியும் ஒன்று. காவிரிக்கோ தனக்கென்றே ஒரு மஹசீர் இருந்தது. உலகில் வேறெந்த ஆற்றிலும் இல்லாத, கூன்முதுகுடைய பேருருவ மீன். 1946இல் கபினி ஆற்றில் தூண்டிலில் அகப்பட்ட ஒன்று 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோ எடை இருந்தது. அந்தக் காவிரியில் புனேயின் மீன் விடப்பட்டது நல்லெண்ணத்தால்தான். மீன் குறைகிறதே, பெருக்குவோம் என்ற அக்கறையால்தான். காவிரித் தூண்டிலாளர்கள் 1998 முதல் 2012 வரை எழுதி வைத்த குறிப்புகளை ஆராய்ந்தவர்கள் கண்டது என்ன? அகப்படும் மீன்களின் எண்ணிக்கை கூடியிருந்தது. ஆனால் அவை நீலத்துடுப்பு மீன்கள். கூன்முதுகு மஹசீர் ஏறக்குறைய மறைந்துவிட்டது. மணல் கொள்ளையும் அணையும் வெடியும் அதை நலியச் செய்த காரணங்களே. எனினும், வந்து பெருகிய மீனும் அதன் இடத்தை நிரப்பிக்கொண்டது. இதைவிட வருந்தத்தக்கது ஒன்றுண்டு. அந்தப் பேருருவ மீனுக்கு உரிய அறிவியற் பெயர் எது என்பதே 2018இல்தான் தெளிவாயிற்று. கேரளத்தில் பாயும் காவிரியின் கிளையான பாம்பாற்றில் கண்டு ‘டோர் ரேமாதேவி’ என்று பெயரிடப்பட்டிருந்த மீனும் இதுவும் ஒன்றே என அறிந்தார்கள். பெயர் உறுதியான அதே ஆண்டில், ‘மிக அருகிய’ இனங்களின் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது.

நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு உலகிலும் சான்று உண்டு. நம் மகள் சொன்ன அதே பெருவாய் பாஸ் மீனை அமெரிக்காவிலிருந்து 1925இல் ஜப்பானுக்குக் கொண்டுசென்று அஷி ஏரியில் விட்டார்கள். அது நாடெங்கும் பரவி அந்நாட்டுச் சிறுமீன்களை உண்டு பெருகிற்று. 2005இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தால் அதைக் கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று.

இதைப் படித்துவிட்டு, வந்தேறியோர் எல்லோரும் இப்படித்தான் என்று எவரேனும் பேசப் புகுந்தால் அது பெரும்பிழை. மீன் தன் விருப்பத்தால் போகவில்லை. போன இடத்தில் யார் வாழ்கிறார் என்று விசாரிக்க அதற்கு இயலாது. மனிதருக்கு இயலும். நாம் எண்ணி வெட்கியது வேறொன்றை. காவிரியில் புதுமீனை விட்டவர்கள், அங்கே ஏற்கெனவே இருந்தது இன்னதென்று முழுதும் அறியாமல் விட்டார்கள். நாமும் இந்த ஊரில் ஐம்பது ஆண்டுகள் அப்படியே வாழ்ந்திருக்கிறோம். காவிரியின் பெருமையைச் சங்க மேடைகளில் பேசினோம். கேட்டுக் கண் கலங்கினோம். காவிரியின் பெருமீன் அழிந்துகொண்டிருந்ததும் நமக்குத் தெரியாது; முத்தாவில் ஒரு பொன்மீன் பிறந்ததும் நமக்குத் தெரியாது. விட்டுவந்த ஆற்றையும் அறியவில்லை. வந்து சேர்ந்த ஆற்றையும் அறியவில்லை.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரனை அழைத்துக்கொண்டு, முளாவும் முத்தாவும் கலக்கும் சங்கமத்திற்குச் சென்றோம். நீர் கருத்திருந்தது. ஆகாயத்தாமரை படர்ந்திருந்தது. “இங்கேயா தாத்தா அந்த மீன் இருந்தது?” என்று கேட்டான். ஆம் என்றோம். “இனியும் வருமா?” நமக்கு விடை சொல்லத் தெரியவில்லை. நீலகிரியின் மோயாற்றில் கூன்முதுகு மஹசீர் இன்னும் வாழ்வதை ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள் என்ற செய்தியைச் சொன்னோம். மோயாறு பவானியில் கலந்து காவிரியைச் சேர்வது. ஆகவே அந்த மீனுக்கு வழி முற்றிலும் அடைபட்டுவிடவில்லை என்றோம். அவன் சிறிது நேரம் நீரையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த கோடையில் ஊருக்குப் போகும்போது மோயாற்றையும் பார்க்க வேண்டும் என்றான். அதற்கு முன் பான்சேத்துக்கு இன்னொரு முறை போக வேண்டும், தாத்தா கையை நனைக்கக் கற்றுக்கொண்டாரா என்று பார்ப்பதற்கு என்றும் சொன்னான்.

அன்பர்களே, நம்மில் பலர் நாள்தோறும் அந்தப் பாலங்களைக் கடந்து அலுவலகம் செல்கிறோம். மூக்கைப் பொத்திக்கொண்டு விரைகிறோம். அடுத்த முறை கடக்கும்போது உங்கள் பிள்ளைகளுக்கு அந்நதியின் பெயரையும், அதில் பிறந்த மீனின் பெயரையும் சொல்லுங்கள். காவிரியின் கதையையும் கூடவே சொல்லுங்கள். எந்த மொழியில் சொன்னாலும் சரி. ஒரு மொழியில் தடுமாறினால் மற்றொன்றில் தொடரலாம் என்பதை ஒரு சிறுவன் நமக்குக் காட்டியிருக்கிறான்.